பொறுத்துக்க, இல்லன்னா எடுத்துடு

முதலில் போனது தூக்கம். படுத்தவுடன் தூங்கிவிடுவேன், அதில் குறையில்லை. விடிகாலை மூன்று மணி வாக்கில் விழிப்பு வந்துவிடும். கழுத்தும் முதுகும் நனைந்திருக்கும், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். அப்புறம் பால்காரர் வரும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதுதான். திருப்பூரில் சித்திரை மாதம் யாருக்குத்தான் வேர்க்காது என்று விட்டுவிட்டேன். மார்கழியிலும் வேர்த்தது. வீட்டுக்காரர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ஏம்புள்ள, இந்தக் குளுர்ல ஃபேனை அஞ்சுல வெச்சிருக்கறே?" என்று கேட்ட பிறகுதான் இது வெயில் சமாச்சாரமில்லை என்று உறைத்தது.

எனக்கு அப்போது வயது 45. ஒரு பனியன் கம்பெனியில் எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் என்று நாள் முழுக்க எண்களோடுதான் பிழைப்பு. எந்தச் சரக்கு என்று சுங்கத்துக்குச் சொல்லும் எச்.எஸ். கோடு டி-ஷர்ட்டுக்கு 6109. பல வருஷமாக அடித்துக்கொண்டிருக்கும் எண். ஒருநாள் கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீஸ் பையன் போனில் கேட்டபோது அது வரவே இல்லை. "ஒரு நிமிசம் தம்பி" என்று சொல்லிவிட்டு, பழைய இன்வாய்ஸைத் திறந்து பார்த்துச் சொன்னேன். எங்கள் பெரியம்மா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் இருந்தவர். அந்தப் பயத்தில் அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

இதற்கெல்லாம் மாதவிடாய் நிற்கப்போகும் காலம் என்ற ஒரே காரணம் இருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை, பார்த்த டாக்டர்களுக்கும் தோன்றவில்லை. நெஞ்சு படபடப்புக்கு இதய டாக்டர். ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் நார்மல், டென்ஷனைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். ஷிப்மென்ட் வேலையில் இருப்பவளிடம் டென்ஷனைக் குறைக்கச் சொல்வது சுலபம். இடது கையைப் பின்னால் கொண்டுபோய் உள்பாடிக் கொக்கியை மாட்ட முடியவில்லை என்று எலும்பு டாக்டர். ஃப்ரோஸன் ஷோல்டர், அதாவது தோள்பட்டை இறுகிப்போயிருக்கிறது என்றார், சர்க்கரை இருக்கிறதா, தைராய்டு இருக்கிறதா என்று கேட்டார். இரண்டும் இல்லை. பிசியோதெரபிக்கு அனுப்பினார். தூக்கத்துக்கு ஒரு பொது டாக்டர் சின்ன மாத்திரை எழுதினார். ஆளுக்கு ஒரு உறுப்பைப் பார்த்தார்கள். பீரியட்ஸ் ஒழுங்காக வருகிறதா என்று யாரும் கேட்கவில்லை.

வந்தது. வராமலும் இருந்தது. ஒரு முறை 21 நாளில், அடுத்தது 50 நாள் கழித்து. அப்புறம் வந்தது சும்மா வரவில்லை. கட்டி கட்டியாகப் போகும். ராத்திரி போடுகிற பெரிய நாப்கின் பகலில் ஒன்றரை மணி நேரம் தாங்காது. ஆபீசுக்குக் கருப்பு, கரும்பச்சை சுடிதார் தவிர வேறு போட்டுப் போகவில்லை. ஸ்கூட்டி சீட்டில் பழைய துண்டை மடித்துப் போட்டுக்கொள்வேன். மீட்டிங்கில் எல்லோரும் எழுந்து போகும்வரை உட்கார்ந்திருந்து, நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். இதை அனுபவித்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை.

அம்மா பார்த்தவுடன், "என்ன சாமி இப்படி வெளுத்துப் போயிட்டே?" என்றார். அத்தைக்கு வேறு கட்சி. "எங்க காலத்துல ஆரு இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க? ரெண்டு வருசம் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்க." இப்படிச் சொன்ன அத்தைக்கே 38 வயதில் கர்ப்பப்பையை எடுத்தாகிவிட்டது. அதைக் கேட்டால், "அது வேற" என்பார்.

நான் முதலில் போன மகப்பேறு டாக்டரும் அந்த வழியைத்தான் சொன்னார். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'பல்க்கி யூட்ரஸ்', அதாவது பருத்த கர்ப்பப்பை என்றும், ஒரு சின்ன ஃபைப்ராய்டு கட்டி என்றும் போட்டிருந்தது. ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "குழந்தை எத்தனை?" இரண்டு என்றேன். "அப்புறம் எதுக்கு இத வச்சுக்கிட்டு அவஸ்தப்படறீங்க? எடுத்துட்டா கேன்சர் பயமும் இல்ல. இன்சூரன்ஸ் இருக்குதில்ல?" மொத்தமும் ஐந்து நிமிடம் இருக்கும். ஓவரியையும் சேர்த்தே எடுப்பார்களா என்று கேட்டேன், உள்ளே பார்த்து முடிவு செய்யலாம் என்றார். வெளியே கவுண்டரில் ஒரு பெண் அறை வாடகைப் பட்டியலை நீட்டினார்.

என் பக்கத்து சீட்டுப் பெண், என் சித்தி, வீட்டுக்காரரின் மாமன் மகள் என்று எடுத்தவர்களை எண்ணிப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் இது காது குத்து மாதிரி ஆகிவிட்டது. சிலருக்கு அது நிஜமாகவே தேவைப்பட்டிருக்கும். பெரிய கட்டிகள், புற்றுநோய், எந்த மருந்துக்கும் நிற்காத ரத்தப்போக்கு என்று வந்தால் அந்த ஆபரேஷன் உயிரைக் காப்பாற்றும். சித்தி எடுத்த பிறகுதான் நிம்மதியாக இருக்கிறார், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் இந்தியப் பெண்களில் 100க்கு மூன்று பேருக்கு மேல் கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். ஆந்திராவிலும் தெலுங்கானாவிலும் இன்னும் அதிகம். பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளில்தான். காரணம் கேட்டால் அதிக ரத்தப்போக்கு என்பதே முதலில் வருகிறது. தேவையில்லாத கர்ப்பப்பை ஆபரேஷன்களைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் கடைப்பிடிக்கச் சொல்லி உத்தரவு போட்டது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் ஏழைப் பெண்களுக்குக் கணக்கில்லாமல் நடந்த ஆபரேஷன்களைப் பற்றி ஒரு டாக்டர் போட்ட பொதுநல வழக்கு அது.

கணக்கு பார்க்கிறவள் என்பதால் இன்னொன்றும் என் கண்ணில் பட்டது. ஆஸ்பத்திரியில் படுத்து ஆபரேஷன் செய்துகொண்டால் எங்கள் பாலிசி பணம் கொடுக்கும். வெளிநோயாளியாகப் போய் டாக்டரைப் பார்த்தால், டெஸ்ட் எடுத்தால், மாதாமாதம் மருந்து வாங்கினால் ஒரு பைசா கிடையாது. ஆக, உறுப்பை எடுப்பது இலவசம், வைத்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பதுதான் நம் கைக்காசு. எத்தனை குடும்பங்களில் இந்த ஒரு வித்தியாசமே முடிவைச் செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கோயம்புத்தூரில் வயதான ஒரு மகப்பேறு டாக்டர் இருக்கிறார், அவரைப் போய்ப் பார் என்று என் கல்லூரித் தோழி சொன்னாள். போனேன். டோக்கன் வாங்கி வெகுநேரம் காத்திருந்ததற்குப் பலன் இருந்தது. ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு, "சொல்லுங்கம்மா, என்னென்ன தொந்தரவு, எப்ப இருந்து?" என்று கேட்டார். நான் ரத்தப்போக்கிலிருந்து ஆரம்பித்தேன். அவரே தூக்கம் எப்படி, வேர்க்கிறதா, தோள்பட்டை வலிக்கிறதா, எரிச்சல் வருகிறதா, சிறுநீர் போகும்போது எரிகிறதா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். நான் சொல்லாமலே தோள்பட்டையைக் கேட்டது எனக்கு ஆச்சரியம். 40-லிருந்து 60 வயதுப் பெண்களுக்கு அது அதிகம் வருவதைப் பார்க்கிறோம், ஹார்மோனோடு எவ்வளவு தொடர்பு என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றார்.

நான் ஏற்கெனவே ஒரு லேபில் ஹார்மோன் பேக்கேஜ் எடுத்து வைத்திருந்தேன். அதில் எஃப்.எஸ்.எச்., அதாவது முட்டை வளரத் தூண்டும் ஹார்மோன், நார்மல் என்று இருந்தது. அதை அவர் பெரிதாகப் பார்க்கவே இல்லை. 45 வயதைத் தாண்டினவர்களுக்கு அறிகுறிகளையும் மாதவிடாய் மாறியிருப்பதையும் வைத்தே இது பெரிமெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய காலம் என்று சொல்லிவிடலாம், அந்த டெஸ்ட் இந்த வாரம் ஒன்று காட்டும், அடுத்த வாரம் வேறொன்று காட்டும் என்றார். கடைசி மாதவிடாய் முடிந்து முழுசாக 12 மாதம் ஆன பிறகுதான் மெனோபாஸ் என்று கணக்கு. இந்தியப் பெண்களுக்கு அது சராசரியாக 46, 47 வயதில் வந்துவிடுகிறது, மேலை நாடுகளில் 51. அதற்கு முன்னால் இருக்கிற இந்த ஏற்ற இறக்கக் காலம் சில வருடங்கள் நீளும். அப்படிப் பார்த்தால் நம் ஊரில் 40ஐத் தாண்டியதுமே தொடங்கிவிடலாம்.

ரத்தப்போக்கு ஏன் அதிகம் என்பதற்கும் பதில் கிடைத்தது. முட்டை வெளியாகாத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் வேலை செய்து கர்ப்பப்பையின் உள்சுவரைத் தடிக்க வைத்துக்கொண்டே போகும். நாள் கடந்து அது உதிரும்போது ஒரேயடியாகக் கொட்டுகிறது. வேர்வைக்குக் காரணம் மூளையில். ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கும்போது உடம்பு வெப்பத்தைக் கண்காணிக்கும் பகுதி கூருணர்ச்சியாகிவிடுகிறது, துளி சூடு ஏறினாலே வேர்க்கச் சொல்லி உத்தரவு போட்டுவிடுகிறது.

அப்புறம் வேலையை ஆரம்பித்தார். எடுத்த எடுப்பில் ஹார்மோன் கிடையாது. இந்த வயதில் ஒழுங்கில்லாத ரத்தப்போக்கு என்றால் முதலில் உள்சுவரில் கேன்சரோ அதற்கு முந்தைய மாற்றமோ இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு, அங்கேயே, மயக்க மருந்து இல்லாமல் துளி சதை எடுத்தார்கள். நறுக்கென்று வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ரிசல்ட் நல்லபடியாக வந்தது. கேன்சர் பயம் போக எனக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான். கர்ப்பப்பையை எடுக்கச் சொன்ன இடத்தில் இதைச் செய்யவே இல்லை.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.2. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6. படபடப்பில் பாதி இதனால்தான், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும் இதனால்தான் என்றார். இதய டாக்டரிடம் போவதற்கு முன்னால் 300 ரூபாய் டெஸ்ட் ஒன்று எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். இரும்பு மாத்திரை எனக்கு வயிற்றைக் கட்டிப்போட்டுவிடுகிறது. அதனால் டிரிப்பில் ஏற்றினார்கள். ஒரு மாதத்தில் ஆளே வேறு மாதிரி ஆனேன்.

ரத்தப்போக்குக்கு முதலில் டிரனெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை, அதிகமாகப் போகிற நாட்களில் மட்டும். அது ஹார்மோன் இல்லை, ரத்தப்போக்கைக் குறைக்கும். கூடவே, ஹார்மோன் சுரக்கும் காப்பர்-டி மாதிரியான சாதனத்தைப் பொருத்திக்கொள்ளலாம் என்றார். மிரெனா என்ற பெயரில் பலருக்குத் தெரிந்திருக்கும். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டிரோன் வகை மருந்தை உள்சுவரிலேயே கொஞ்சம் கொஞ்சமாக விடும், சுவர் தடிக்காது. "இந்த வயசுல காப்பர்-டியா?" என்று என் நாத்தனார் சிரித்தார். சிரிக்கட்டும். முதல் நாலைந்து மாதம் சொட்டு சொட்டாகக் கறை பட்டு வெறுத்துப்போனது, இதைப் பற்றி டாக்டர் முன்பே எச்சரித்திருந்ததால்தான் பொறுமையாக இருந்தேன். அப்புறம் நின்றது. இப்போது மாதவிடாய் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஸ்கூட்டி துண்டு கார் துடைக்கப் போய்விட்டது.

வேர்வையும் தூக்கமின்மையும் மட்டும் அப்படியே இருந்தன. அதற்கு ஈஸ்ட்ரோஜன் ஜெல் எழுதினார். அங்கேதான் எனக்குக் கால் நடுங்கியது. ஹார்மோன் என்றாலே மார்பகப் புற்றுநோய் என்று எங்கேயோ படித்து மனதில் ஒட்டிக்கொண்டது.

அவர் ஒரு தாளில் எண்களை எழுதிக் காட்டினார். நம்மிடம் எண்ணைக் காட்டினால் போதுமே. 2002இல் அமெரிக்காவில் பெண்கள் நலத்துக்கான பெரிய ஆய்வு ஒன்றின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். அதிலிருந்துதான் உலகம் முழுக்க இந்தப் பயம். அதில் ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரோஜெஸ்டிரோனும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் வருடத்துக்கு 10,000 பேரில் 38 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. சாப்பிடாதவர்களில் 30 பேருக்கு. கூடுதல் 8 பேர். அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63, நம்மைப் போல நாற்பதுகளில் தவிப்பவர்கள் இல்லை. கொடுத்த மருந்தும் சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை. கர்ப்பப்பை இல்லாதவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்துப் பார்த்த பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இந்த மருந்துகளின் மேலிருந்த, கறுப்புக் கட்டத்துக்குள் அச்சிடும் கடுமையான எச்சரிக்கையில் பெரும்பகுதியை நீக்கப்போவதாக அறிவித்தது. கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுப்பதைப் பற்றிய எச்சரிக்கை மட்டும் நிற்கிறது. அது நியாயமானதுதான், உள்சுவர் தடித்து அங்கே கேன்சர் வரலாம். எனக்கு அந்தக் காவலை உள்ளே இருக்கும் சாதனமே பார்த்துக்கொள்கிறது. அது இல்லாதவர்களுக்குப் புரோஜெஸ்டிரோன் மாத்திரை சேர்த்துக் கொடுப்பார்கள்.

ஆபத்தே இல்லை என்று அவரும் சொல்லவில்லை. மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் பார்த்த பிறகுதான் எழுதினார். மாத்திரையாகச் சாப்பிட்டால் ரத்தம் உறைகிற அபாயம் கொஞ்சம் கூடும், தோல் வழியாகப் போனால் அது கூடுவதில்லை என்பதால் ஜெல். குளித்துத் துவட்டிய பிறகு தொடையில் தடவிக் காயவிட வேண்டும், சின்னக் குழந்தைகள் மேல் படக் கூடாது. சில வாரங்களில் மூன்று மணி விழிப்பு நின்றது. தூங்கி எழுந்தால் 6109ம் தானாக வந்தது.

இது எல்லோருக்கும் ஆகாது. என் நாத்தனாருக்கே மார்பகப் புற்றுநோய் வந்து குணமாகி, டமாக்ஸிஃபென் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு வேர்வை என்னைவிட மோசம், ஹார்மோன் பக்கமே போக முடியாது. அவருடைய டாக்டர் வென்லாஃபாக்ஸின் கொடுத்திருக்கிறார். மனச்சோர்வுக்கான மருந்துதான், குறைந்த அளவில் இந்த வேர்வையையும் குறைக்கிறது. இதே வேலைக்குப் பயன்படும் பேராக்ஸெடின், டமாக்ஸிஃபென் உடம்பில் வேலை செய்வதைக் கெடுக்கும், அதனால் அவருக்கு அது கூடாது. மூளையின் அந்த வெப்பப் பகுதியிலேயே நேராக வேலை செய்யும் ஃபெஸோலினெடென்ட் என்ற ஹார்மோன் இல்லாத மாத்திரைக்கு அமெரிக்கா 2023இல் அனுமதி கொடுத்தது. பொறுத்துக்கொள்வதற்கும் எடுத்துவிடுவதற்கும் நடுவில் இவ்வளவு இருக்கிறது, எங்கள் வீட்டில் யாருக்கும் யாரும் சொன்னதில்லை.

இன்னொரு விஷயம், எழுதலாமா என்று யோசித்து எழுதுகிறேன். உறவு வைத்துக்கொள்ளும்போது வறட்சியாக எரியும். அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்து ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக். டாக்டர் கேட்டிருக்காவிட்டால் நானாகச் சொல்லியிருக்க மாட்டேன். உள்ளே வைக்கிற ஈஸ்ட்ரியால் கிரீம் கொடுத்தார். ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும், இரண்டு தொல்லையும் குறைந்தது. மருந்துக் கடைப் பையன் அந்த டியூபைக் கையில் பிடித்துக்கொண்டு, "அக்கா, இது எதுக்குங்க போடறது?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டான். "உனக்கு வேண்டாம் தம்பி, பில்லைப் போடு" என்றேன்.

அம்மா ஊரிலிருந்து உளுந்துமாவும் கருப்பட்டியும் கொண்டுவந்து களி கிண்டிப் போட்டார். நல்லெண்ணெய் மிதக்க அதைத் தின்பது ஒரு சுகம், எள்ளுருண்டையும் அப்படித்தான். வேர்வை குறையவில்லை, நான் குறையும் என்று எதிர்பார்த்துத் தின்னவும் இல்லை. வாட்ஸ்அப்பில் வருகிற 'ஹார்மோன் பேலன்ஸ்' பொடிகளைப் பற்றி மட்டும் எனக்குக் கோபம் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத டப்பாவுக்கு ஒரு மாத ஜெல் செலவைவிட அதிகம் கேட்கிறார்கள்.

எங்கள் தையல் செக்சனில் என் வயதுப் பெண்கள் நிறையப் பேர். பீஸ் ரேட்டில் தைக்கிறவர்கள், பாத்ரூம் போனால் காசு போகும் என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு, அதில் வெளிநோயாளி வைத்தியமும் மருந்தும் அடக்கம். எனக்கு இல்லாத வசதி அது. ஒரு நாள் லீவு போட்டால் கூலி போகுமே என்று போகாமல் இருக்கிறார்கள். போன மாதம் அதில் ஒரு அக்கா ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினார். அதே 'பல்க்கி யூட்ரஸ்'. தனியார் ஆஸ்பத்திரியில் தேதி குறித்துவிட்டார்களாம், நகையை அடகு வைக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். "சதை எடுத்து டெஸ்ட் பண்ணாங்களாக்கா?" என்று கேட்டேன். இல்லை என்றார். "அதைக் கேளுங்க. மருந்து, மாத்திரை, உள்ளே வைக்கிற சாதனம் எதுவும் பார்க்காம ஏன் நேரா ஆபரேசன்னு கேளுங்க. ஓவரியையும் எடுப்பீங்களான்னு கேளுங்க" என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். மெனோபாஸுக்கு முன்பே ஓவரியை எடுத்தால் எல்லாத் தொந்தரவும் ஒரே நாளில் வந்து இறங்கும், எலும்பும் இதயமும் சேர்ந்து அடிவாங்கும். அதையும் சொன்னேன். அவர் இ.எஸ்.ஐ.க்குப் போயிருக்கிறார், இன்னும் முடிவு தெரியவில்லை.

எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தோள்பட்டை முக்கால்வாசி திறந்திருக்கிறது, கொக்கி மாட்டுகிறேன், மேலலமாரி டப்பாவை எடுக்க மகளைத்தான் கூப்பிடுகிறேன். இடுப்பில் ஏறிய எடை இறங்க மாட்டேன் என்கிறது. சில நாள் காரணமில்லாமல் எரிந்து விழுகிறேன், அன்றைக்கு வீட்டுக்காரர் சத்தமில்லாமல் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார். அடுத்த வாரம் கோயம்புத்தூர் போகிறேன். ஜெல் அளவைக் கொஞ்சம் கூட்டலாமா என்று கேட்க வேண்டும், வருட மேமோகிராமுக்கும் சீட்டு வாங்க வேண்டும். அக்காவின் ரிப்போர்ட்டைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன், டோக்கன் வரிசையில் கூட்டம் குறைவாக இருந்தால் அதையும் காட்டிக் கேட்பதாக இருக்கிறேன்.